கடைசல் இயந்திரச் சீரமைப்பு

கடைசல் இயந்திரச் சீரமைப்பு என்பது, நெடுங்காலப் பயன்பாட்டினால் தேய்ந்தோ, துருப்பிடித்தோ, வெள்ளத்தில் மூழ்கியோ துல்லியத்தை இழந்த உலோகக் கடைசல் இயந்திரம் ஒன்றைப் பிரித்து, அளந்து, தேய்ந்த பரப்புகளை மீண்டும் நேராக்கி, அதன் பழைய துல்லியத்துக்கு நெருங்கிய நிலைக்குக் கொண்டுவரும் பணி ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இவ்வியந்திரம் லேத் அல்லது லேத்து என்றும், இதனை இயக்குபவர் டர்னர் என்றும் அழைக்கப்படுகின்றனர். சிறு பட்டறைகளில் லேத்தின் அளவு பெரும்பாலும் படுகையின் நீளத்தைக் கொண்டு நாலரை அடி லேத், ஆறடி லேத், எட்டடி லேத் என்று குறிப்பிடப்படுகின்றது.

பழுதுபார்த்தலும் சீரமைத்தலும் ஒன்றல்ல. உடைந்த பல்சக்கரத்தை மாற்றுவதும், அறுந்த வார்ப்பட்டையை மாட்டுவதும் பழுதுபார்த்தல் ஆகும். இயந்திரத்தின் வடிவியலை, அதாவது அதன் பரப்புகளும் அச்சுகளும் ஒன்றுக்கொன்று நேராகவும் இணையாகவும் செங்குத்தாகவும் இருக்கும் தன்மையை, மீட்டெடுப்பதே சீரமைத்தல் ஆகும். துருவைத் தேய்த்துப் புதிய வண்ணம் பூசுவது இவ்விரண்டிலும் அடங்காது. பழைய இயந்திரச் சந்தையில் வண்ணம் பூசப்பட்ட இயந்திரங்களே சீரமைக்கப்பட்டவையாக விற்கப்படுவதும் உண்டு. ஆகவே வாங்குபவர் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

இங்கிலாந்தின் என்றி மாட்சுலே 1800 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய திருகு வெட்டும் லேத், இன்றைய உலோகக் கடைசல் இயந்திரங்களின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. மாட்சுலேயின் பட்டறையில் பணியாற்றிய சோசப்பு விட்வர்த்து, உண்மையான சமதளத்தை உருவாக்கும் முறை பற்றி 1840 இல் கிளாசுகோவில் கட்டுரை ஒன்றை வாசித்தார். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடான இடங்களை மட்டும் சுரண்டி எடுப்பது இம்முறையாகும். இரண்டு தகடுகளை மட்டும் ஒப்பிட்டால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்றாவது தகடு இப்பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். லேத் சீரமைப்பின் அடிப்படை இன்றளவும் இதுவே.

செருமனியைச் சேர்ந்த கியார்கு சிலெசிங்கர் 1927 இல் இயந்திரக் கருவிகளைச் சோதிக்கும் முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். அமெரிக்கரான எட்வர்டு கானலி 1955 இல் வெளியிட்ட இயந்திரக் கருவிச் சீரமைப்பு பற்றிய நூல் இத்துறையில் இன்றும் பயன்படுத்தப்படுகின்றது. லேத்தின் துல்லியத்தைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 1708 என்னும் பன்னாட்டுத் தரமும், ஐ.எஸ். 1878 என்னும் இந்தியத் தரமும் உள்ளன.

இந்தியாவில் 1941 இல் அரிகரில் தொடங்கப்பட்ட மைசூர் கிர்லோசுகர் நிறுவனமும், 1953 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. நிறுவனமும் லேத் உற்பத்தியில் பெரும் பங்கு வகித்தன. எச்.எம்.டி.யின் களமசேரி ஆலை, கோயம்புத்தூரின் பி.எசு.ஜி. தொழிற்கூடம் ஆகியவையும் லேத்துகளைச் செய்தன. பஞ்சாபின் பட்டாலா, லூதியானா, குசராத்தின் ராச்கோட் ஆகிய ஊர்களிலிருந்தும் எளிய வகை லேத்துகள் வந்தன. தமிழ்நாட்டில் 1958 இல் கிண்டியிலும், 1960களில் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் அமைக்கப்பட்டபின் சிறு லேத் பட்டறைகள் பெருகின. அக்காலத்தில் வாங்கப்பட்ட இயந்திரங்கள் பல, கைமாறிக் கைமாறிச் சிற்றூர்ப் பட்டறைகளை அடைந்துள்ளன. மைசூர் கிர்லோசுகர் நிறுவனம் மூடப்பட்டுவிட்டதால், அதன் லேத்துகளுக்கு உதிரிப் பாகங்களைப் பட்டறையிலேயே செய்துகொள்வது வழக்கமாகியுள்ளது.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரைப் பகுதி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இதன் மேற்கே தாம்பரம், மறைமலைநகர், செங்கல்பட்டு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்பகுதிகள் உள்ளன. கிழக்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய கடற்கரை ஊர்கள் உள்ளன. ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் இவ்விரு பகுதிகளிலும் லேத்துகளுக்கு ஏற்படும் கேடு வேறு வேறானது.

உள்நாட்டில் தேய்மானமே முதன்மையான கேடு. கடற்கரையில் துருவும் சேர்ந்துகொள்கின்றது. அலைகளிலிருந்து எழும் உப்புத் துளிகள் காற்றில் கலந்து இயந்திரத்தின் மீது படிகின்றன. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தக்கவைப்பதால், மழை இல்லாத நாளிலும் இரும்பின் மீது மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை இது மிகுதி. ஒரு வாரம் எண்ணெய் பூசாமல் விடப்பட்ட படுகையில் செம்பழுப்புத் துருவைக் காணலாம்.

மாமல்லபுரத்தில் மற்றொரு கேடும் உண்டு. 1957 இல் இங்கு சிற்பக்கலைக்கான அரசுக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. ஊரெங்கும் சிற்பக்கூடங்கள் உள்ளன. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருங்கல்லை அறுக்கும்போது எழும் தூசில் குவார்ட்சு துகள்கள் உள்ளன. இவை வார்ப்பிரும்பைவிடக் கடினமானவை. காற்றில் வந்து எண்ணெய் பூசிய படுகையில் ஒட்டும் இத்துகள்கள், வண்டி நகரும்போது அரைப்புப் பசை போலச் செயற்படுகின்றன. கடற்கரை மணலும் அவ்வாறே. ஆகவே இப்பகுதிகளில் வேலை முடிந்தபின் படுகையைத் துடைத்து, எண்ணெயிட்டு, துணியால் மூடிவைப்பது இன்றியமையாதது.

இப்பகுதிச் சிறு லேத் பட்டறைகளுக்கு மீன்பிடிப் படகுகளின் உந்தித் தண்டு, நீரேற்றும் மோட்டாரின் தண்டு, உழவு இயந்திரப் பாகங்கள், நெல் அரைவை ஆலையின் உருளைத் தண்டு போன்ற வேலைகள் வருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை தாங்குருளை பொருந்தும் தண்டுகள் ஆகும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் தாங்குருளை இறுக்கமாகப் பொருந்த, அனுமதிக்கப்படும் விட்ட வேறுபாடு ஏறத்தாழ 0.013 மில்லிமீட்டர் மட்டுமே. தேய்ந்த லேத்தில் இவ்வளவைப் பிடிப்பது கடினம். கடலில் தண்டு பழுதானால் படகு நடுக்கடலில் நின்றுவிடும் என்பதால், கரையிலுள்ள லேத்தின் துல்லியம் கடலில் இருப்போரின் பாதுகாப்போடும் தொடர்புடையது.

தேய்மானம் ஏற்படும் விதம்

லேத்தின் படுகை பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. அதன்மீது தலைப்பகுதி, வால்பகுதி, வண்டி ஆகியவை அமைந்துள்ளன. வண்டி, கூம்பு வடிவ வழியிலும் தட்டை வழியிலும் நகர்கின்றது. பெரும்பாலான வேலைகள் சக்குக்கு அருகிலேயே செய்யப்படுவதால் அவ்விடத்தில் படுகை மிகுதியாகத் தேய்கின்றது. வால்பகுதி ஓரம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் புதிதுபோல் இருக்கும். இந்த வேறுபாடே முதன்மைச் சிக்கல் ஆகும். படுகை முழுதும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கடைசலில் பிழை மிகக் குறைவாகவே தோன்றும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முன்வழிக்கும் பின்வழிக்கும் இடையே 200 மில்லிமீட்டர் தூரம் எனவும், வழிகளுக்கு மேல் 200 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுக்கருவி உள்ளது எனவும் கொள்வோம். முன்வழி மட்டும் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் வண்டி முன்புறம் சாய்ந்து, கருவி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் வேலைப்பொருளிலிருந்து விலகும். ஆரத்தில் ஏற்படும் இப்பிழை விட்டத்தில் இரு மடங்காகி 0.1 மில்லிமீட்டர் ஆகின்றது. ஆகவே சக்கின் அருகே தண்டு தடித்தும், விலகிச் செல்லச் செல்ல மெலிந்தும் அமையும்.

படுகையைத் தவிரத் தேயும் பிற பாகங்கள்:

* வண்டியின் அடிப்பரப்பு. இது தேய்வதால் வண்டி கீழிறங்கி, முன்திருகும் ஊட்டத் தண்டும் அதற்குரிய துளைகளோடு நேராக அமையாமல் போகின்றன.
* வால்பகுதியின் அடிப்பரப்பு. இது தேய்ந்தால் வால்முனை தலைமுனையைவிடத் தாழ்ந்துவிடும்.
* குறுக்கு நகர்வியின் திருகும் மரையும். கைப்பிடியைத் திருப்பினாலும் நகர்வி சிறிது நேரம் அசையாத நிலை இதனால் ஏற்படும். பட்டறைகளில் இது பிளே எனப்படுகின்றது.
* முன்திருகு, அரை மரை. இவையும் சக்கின் அருகிலேயே மிகுதியாகத் தேயும்.
* சுழல்தண்டின் தாங்கிகள். பழைய லேத்துகளில் வெண்கலப் புஷ்களும், பிற்காலத்தவற்றில் கூம்புருளைத் தாங்கிகளும் உள்ளன.

முதற்கட்ட மதிப்பீடு

இயந்திரத்தைப் பிரிக்கும் முன் அளக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி ஆகும். பிரித்தபின் எது எவ்வளவு விலகியிருந்தது என்பதை அறிய இயலாது. முதலில் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காட்டும் நுண்மட்டத்தைக் கொண்டு படுகை நேராக்கப்படுகின்றது. முறுக்கிய நிலையில் நிற்கும் நல்ல லேத்தும் தேய்ந்த லேத்தைப் போலவே கூம்பாகக் கடையும். மட்டம் சரியில்லாததை மட்டும் கவனிக்காமல், படுகை தேய்ந்துவிட்டதாகக் கருதி இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு.

அடுத்து இரு வளையச் சோதனை செய்யப்படுகின்றது. தடித்த தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, வால்முனையைப் பயன்படுத்தாமல், சக்கின் அருகிலும் வெளி முனையிலும் இரண்டு வளையங்களை மெல்லிய வெட்டாகக் கடைய வேண்டும். இரண்டின் விட்டங்களையும் மைக்ரோமீட்டரால் ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருப்பின் படுகையின் அடித்திருகுகளைச் சரிசெய்து மீண்டும் சோதிக்கலாம். பலமுறை சரிசெய்தும் வேறுபாடு நீங்காவிடில் தேய்மானமோ தலைப்பகுதியின் விலகலோ காரணமாகும்.

பொதுவாகச் சோதிக்கப்படும் பிற அளவுகள்:

* சுழல்தண்டின் முனையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் ஆட்டம். 0.01 மில்லிமீட்டருக்குள் இருத்தல் நன்று.
* சுழல்தண்டின் கூம்புத் துளையில் சோதனைத் தண்டைப் பொருத்தி, 300 மில்லிமீட்டர் தொலைவில் பார்க்கும் ஆட்டம். 0.02 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும்.
* தலைமுனை, வால்முனை ஆகியவற்றின் உயர வேறுபாடு. வால்முனை சற்று உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருத்தல் கூடாது. காலப்போக்கில் தேய்ந்து கீழிறங்கும் என்பதாலேயே இவ்விதி.
* குறுக்கு நகர்வியின் செங்குத்துத் தன்மை. முகப்புக் கடைசலில் பரப்பு நடுவில் சற்றுக் குழியலாம், குவிதல் கூடாது. குவிந்த பரப்பு மற்றொரு பரப்பின் மீது உட்காராமல் ஆடும்.

பிரித்தலும் துருநீக்கலும்

பாகங்களைப் பிரிக்கும்போது ஒவ்வொரு நிலையையும் ஒளிப்படம் எடுத்து, மரைகளையும் தகட்டுத் துண்டுகளையும் இடம் குறித்துப் பைகளில் இடுவது வழக்கம். தலைப்பகுதிக்கும் படுகைக்கும் இடையே மெல்லிய தகடு இருப்பின் அதைத் தொலைத்துவிடக் கூடாது. தொழிற்சாலையிலோ முந்தைய சீரமைப்பிலோ அளந்து வைக்கப்பட்டதாக அது இருக்கலாம்.

ஆறடி லேத் ஒன்றின் எடை ஒரு டன்னையும் எட்டக்கூடும். அதன் ஈர்ப்பு மையம் தலைப்பகுதியின் பக்கம் இருப்பதால், நடுவில் சங்கிலி கட்டித் தூக்கினால் கவிழ்ந்துவிடும். இடம் மாற்றும்போது ஏற்படும் விபத்துகளுக்கு இதுவே பொதுவான காரணம்.

பல்சக்கரங்கள் போன்ற பாகங்களின் துருவைச் சலவைச் சோடாக் கரைசலில் மின்னாற்பகுப்பு முறையில் நீக்கலாம். நேர்மின் தகடாகச் சாதாரண இரும்பையே பயன்படுத்த வேண்டும். எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது தவிர்க்கப்பட வேண்டியது. அதன் ஆவி பட்டறையிலுள்ள பிற இயந்திரங்களையும் துருப்பிடிக்கச் செய்யும். கடற்கரைத் துருவில் உப்பு சேர்ந்திருப்பதால், துருவை நீக்கியபின் நன்னீரில் கழுவி உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால் குழிகளில் துரு மீண்டும் தோன்றும்.

படுகையின் வழிகளை எமரித் தாளால் தேய்த்தல் கூடாது. எமரித் துகள்கள் வார்ப்பிரும்பின் துளைகளில் பதிந்து, பின்னர் வண்டியை அரிக்கின்றன. எண்ணெய்க்கல்லால் மென்மையாகப் பிசிறுகளை மட்டும் நீக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு எழுப்புவதும் தவறாகும்.

வழிகளைச் செப்பனிடல்

படுகையைச் செப்பனிட இரு முறைகள் உள்ளன. கடினமாக்கப்பட்ட படுகையைச் சாணை இயந்திரத்தில்தான் தீட்ட முடியும். கடினமாக்கப்படாத படுகையைச் சாணையிலோ கையால் சுரண்டியோ நேராக்கலாம்.

கையால் சுரண்டும் முறையில், நேர்விளிம்பு ஒன்றில் நீலப் பசையை மெல்லியதாகத் தடவிப் பரப்பின் மீது நகர்த்துவர். மேடான இடங்களில் நீலம் ஒட்டும். அவற்றைச் சுரண்டுளியால் மெல்லச் சுரண்டி எடுப்பர். ஒருமுறை சுரண்டும்போது சில ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மட்டுமே நீங்கும். ஓர் அங்குலச் சதுரத்தில் 10 முதல் 20 வரையிலான நீலப் புள்ளிகள் சீராகத் தோன்றும்வரை இது தொடரும். சுரண்டிய இடங்களிலுள்ள நுண்குழிகள் எண்ணெயைத் தேக்கிவைப்பதால் வண்டி எளிதாக நகரும். ஆறடிப் படுகை ஒன்றை முடிக்கப் பல நாட்கள் ஆகும். இக்கலையை அறிந்தோர் குறைந்து வருவதே சீரமைப்புத் துறையின் பெரிய குறையாகும்.

வரிசை முறை முதன்மையானது. முதலில் படுகை நேராக்கப்படும். பின்னர் அதையே அடிப்படையாகக் கொண்டு வண்டியின் அடிப்பரப்பும், அதற்குச் செங்குத்தாகக் குறுக்கு நகர்வியும், அடுத்துத் தலைப்பகுதியும், இறுதியாக வால்பகுதியும் பொருத்தப்படும். இவ்வரிசையை மாற்றினால் முன்செய்த வேலை வீணாகும்.

சாணையில் படுகை 0.3 மில்லிமீட்டர் குறைந்தால் வண்டியும் அவ்வளவு கீழிறங்கும். இதை ஈடுசெய்ய வண்டியின் அடியில் டர்சைட் போன்ற வழுக்குத்தன்மையுள்ள நெகிழிப் பட்டையை ஒட்டி, அளவுக்குச் சுரண்டிப் பொருத்துவர். இதைச் செய்யாமல் படுகையை மட்டும் சாணையிட்டுத் தரப்படும் லேத், சில மாதங்களில் முன்திருகையும் அரை மரையையும் கெடுத்துவிடும்.

அங்குலத் திருகும் மெட்ரிக் திருகும்

இந்தியா 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய லேத்துகளிலும், பிந்தையவை பலவற்றிலும் முன்திருகு அங்குல அளவில் உள்ளது. அங்குலத்துக்கு 4 புரிகள் கொண்ட முன்திருகு ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர் நகர்த்தும். இதில் 2 மில்லிமீட்டர் புரி வெட்ட, சுழல்தண்டின் பக்கம் 40 பற்களும் முன்திருகின் பக்கம் 127 பற்களும் கொண்ட சக்கரங்கள் தேவை. 40 ஐ 127 ஆல் வகுத்து 6.35 ஆல் பெருக்கினால் சரியாக 2 கிடைக்கும். பழைய லேத்துகளில் 127 பல் சக்கரம் தொலைந்துபோயிருப்பது இயல்பு. வாங்குவோர் முதலில் அதைத் தேடிப்பார்ப்பது நன்று.

வெள்ளத்தில் மூழ்கிய லேத்து

2015 திசம்பர் முதல் வாரத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் சென்னையின் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர் தொழிற்பகுதிகளும், அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த தாம்பரம் சுற்றுப்பகுதிகளும் நீரில் மூழ்கின. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் நீர் புகுந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் இக்கடற்கரை ஊர்கள் பாதிக்கப்பட்டன. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் முதல் சில நாட்களில் செய்வதே இயந்திரத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது.

# மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். இயங்குகின்றதா எனப் பார்க்கச் சுவிட்சைப் போடுதல் கூடாது. மோட்டார் எரிவதோடு உயிருக்கும் ஆபத்து நேரும்.
# சேறு காயும் முன் நன்னீரால் கழுவ வேண்டும். கடல்நீர் புகுந்திருப்பின் பலமுறை கழுவ வேண்டும்.
# தலைப்பகுதியின் அடைப்புத் திருகைத் திறக்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானதால் முதலில் நீரும் பின்னர் எண்ணெயும் வெளிவரும். அந்த எண்ணெயை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
# மண்ணெண்ணெய் அல்லது டீசலால் பல்சக்கரப் பெட்டியைக் கழுவ வேண்டும். தீப்பொறி அருகில் இருத்தல் ஆகாது.
# வண்டியையும் நகர்விகளையும் கழற்றி அடிப்பரப்புகளைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். வெளியில் தெரியும் பரப்பைவிட, மூடியிருக்கும் பரப்பிலேயே துரு மிகுதியாக இறுகும்.
# மோட்டாரை மிதமான வெப்பத்தில் உலர்த்தி, காப்புத் தடை குறைந்தது 1 மெகா ஓம் உள்ளதா என 500 வோல்ட் மெகர் கொண்டு சோதித்த பின்னரே இணைக்க வேண்டும்.

நன்னீர் வெள்ளத்தில் மூழ்கிய லேத்தை ஓரிரு நாட்களுக்குள் இவ்வாறு கவனித்தால் பெரும்பாலும் துல்லியம் குறையாமல் காப்பாற்றிவிடலாம். வார்ப்பிரும்பு நீரில் நனைவதால் வளைவதில்லை. காலம் தாழ்த்துவதே அதைக் கெடுக்கின்றது.

மீண்டும் இயக்குதல்

மும்முனை மின்சாரத்தில் இரு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். மரையால் பொருத்தப்படும் சக்கு உள்ள பழைய லேத்துகளில் இதனால் சக்கு கழன்று விழக்கூடும். ஆகவே சக்கைக் கழற்றிவிட்டே சுழலும் திசையை முதலில் பார்க்க வேண்டும். பின்னர் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தாங்கிகளின் வெப்பத்தைக் கையால் அல்லது வெப்பமானியால் கவனித்து, படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். இறுதியில் இரு வளையச் சோதனை மீண்டும் செய்யப்பட்டு, முந்தைய அளவுகளோடு ஒப்பிடப்படும்.

வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கையுறை ஆகியவற்றுடன் ஓடும் லேத்தின் அருகே நிற்றல் கூடாது. சக்குச் சாவியைச் சக்கிலேயே விட்டு இயந்திரத்தைப் போடுவது கடும் விபத்தை உண்டாக்கும். பழைய லேத்துகளில் பல்சக்கரங்களின் மூடிகள் பல நேரங்களில் காணாமற் போயிருக்கும். அவற்றைப் புதிதாகச் செய்து பொருத்துவதும் சீரமைப்பின் ஒரு பகுதியே.

சீரமைப்பதா, கைவிடுவதா

படுகையில் வெடிப்பு, தலைப்பகுதி வார்ப்பில் உடைவு ஆகியவை இருப்பின் சீரமைப்பு பெரும்பாலும் பயன் தராது. தேய்மானம் மட்டுமே இருப்பின், வேலையின் தேவையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். படுகைச் செப்பனிடலே செலவில் பெரும்பகுதி. புஷ், மரை, வார்ப்பட்டை, மின்னிணைப்பு ஆகியவை சிறுபகுதி. நீளம் குறைந்த புஷ்களையும் மரைகளையும் மட்டும் செய்யும் பட்டறைக்குப் படுகைத் தேய்மானம் பெரிய தடையன்று. நீண்ட தண்டுகளைக் கடையும் பட்டறைக்கு அதுவே முதன்மையானது.

எண்ணிம முறையில் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பரவியபின்பும், ஒரே ஒரு தண்டையோ புஷ்ஷையோ உடனே செய்துதரச் சாதாரண லேத்தே ஏற்றது. பழைய படுகையின் வார்ப்பிரும்பு பல்லாண்டுகளில் உள்தகைவு நீங்கி உறுதிப்பட்டிருப்பதால், ஒருமுறை முறையாக நேராக்கப்பட்ட பழைய லேத், நாள்தோறும் துடைத்து எண்ணெயிடப்பட்டால், மேலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இவற்றையும் பார்க்க

* கடைசல் இயந்திரம்
* வார்ப்பிரும்பு
* துருப்பிடித்தல்
* மைக்ரோமீட்டர்
* செங்கல்பட்டு மாவட்டம்
* மாமல்லபுரம்